பாத்திரம் போன வீட்டில் கை நனைக்காதவர்

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவுக்கு வெட்கம் வந்தால் காதைத் தடவுவார். வலது காதின் சோணையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, ஏதோ அழுக்கு ஒட்டியிருப்பதைப் போலத் தேய்த்துக்கொண்டே நிற்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. பாவம், காதுவலி போலிருக்கிறது என்று நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். அதற்கும் வெட்கப்பட்டு இன்னொரு காதைத் தடவினார்.

வியாபாரம் செய்கிற மனுஷனுக்கு இவ்வளவு வெட்கம் ஆகாது. அதுவும் எங்கள் வியாபாரத்துக்கு ஆகவே ஆகாது. கோட்டூர்புரத்தில், ஆற்றுப் பக்கம் இறங்குகிற சந்தில், கீழே கடை, மேலே வீடு. வாடகைப் பாத்திரக் கடை. அண்டா, குண்டான், இட்லிக் கொப்பரை, ஜல்லிக்கரண்டி, பந்திக்கு வாளி, விரிக்க ஜமுக்காளம், எல்லாம் எங்களிடம் உண்டு. கொடுத்ததைத் திரும்பக் கேட்டு வாங்குவதுதான் இந்தத் தொழிலே. அங்கேதான் இவருக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். விசேஷம் முடிந்து சாமானைச் சரிபார்த்தால் ஒரு கரண்டி குறையும். "கரண்டி ஒண்ணு..." என்று ஆரம்பிப்பார். அந்த வீட்டு அம்மா ஒரு பார்வை பார்ப்பாள். இவர் காதைத் தடவிக்கொண்டு வந்துவிடுவார். பிறகு நான் போய் அவர்கள் அடுக்களைக்குள்ளேயே நுழைந்து கரண்டியை எடுத்துக்கொண்டு வருவேன். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எங்கள் கடைக்கு வாய் நான்.

ஆனால் இரண்டு விஷயத்தில் இந்த வெட்கம்கெட்ட வெட்கக்காரர் மலைபோல நிற்பார். ஒன்று, எங்கள் பாத்திரம் போன வீட்டில் கை நனைக்க மாட்டார். "பாத்திரக்காரன் பந்தியில உக்காந்தா, வாடகையும் வாங்கிட்டுச் சோத்தையும் தின்னுட்டுப் போறான்னு ஒருத்தன் சொல்லுவான் ஏளா" என்பார். எவ்வளவு பெரிய கல்யாணமாக இருந்தாலும் சரி, கையைப் பிடித்து இழுத்தாலும் சரி, வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து தயிரும் ஊறுகாயும் கேட்பார். நெய் மணத்தையும் முந்திரி மணத்தையும் சட்டையில் வாங்கி வந்து, என்னிடம் மோர்மிளகாய் வறுக்கச் சொல்வார். எனக்கு எரியும்.

இன்னொன்று, நல்ல காரியத்துக்குப் போகிற பாத்திரம் வேறு, சாவுக் காரியத்துக்குப் போகிற பாத்திரம் வேறு. மற்ற கடைகளில் இதெல்லாம் பார்க்க மாட்டார்கள், கழுவினால் போச்சு என்று விட்டுவிடுவார்கள். இவர் அப்படியில்லை. வாசலுக்கு நேரே கீழ்த்தட்டில் நல்ல காரியப் பாத்திரம். கண்ணில் படாதபடி பரண்மேல் மற்றது. பரண் பாத்திரம் இறங்கினால் நேராக வண்டியில்தான் ஏற வேண்டும், கீழ்த்தட்டின் மேல் உரசக்கூட விடமாட்டார். கல்யாண வீட்டுக்காரர்கள் சாமான் ஏற்றும்போது "நல்ல காரியப் பாத்திரம்தானே அண்ணாச்சி?" என்று கேட்பார்கள். இவர் பெரிய அண்டாவின் மேல் உள்ளங்கையை வைத்து, "மங்களப் பாத்திரம்தான்" என்று சொல்வார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் தி.நகர் ஜவுளிக்கடைக்காரர்கள், எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள், எங்களைத் தேடி வந்தார்கள். பாலவாக்கத்தில் கடலைப் பார்த்து வீடு கட்டிக்கொண்டு போனவர்கள்கூட அண்டாவுக்கு எங்கள் சந்துக்குத்தான் வருவார்கள். ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பிலும் 'இ.மு.' என்று புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருக்கும். அந்த இரண்டு எழுத்தைத் தவிர எங்களுக்குச் சொத்து கிடையாது.

கார்த்திகை மாசப் புயலில் ஆறு சந்துக்குள் ஏறி வந்தது. ராத்திரி முழுக்க கீழே ஷட்டர் முனகுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. விடிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் ஷட்டர் ஒரு பக்கமாகப் பிளந்து கிடக்கிறது. அதன் வழியே எங்கள் அண்டாக்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்து, ஒரு சுற்றுச் சுற்றி, சம்பந்தி வீட்டுக்குப் போகிற மாதிரி வரிசையாக ஆற்றுப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. தண்ணீர் ஆள் மட்டத்துக்கு ஓடுகிறது. "பிடிங்க, பிடிங்க" என்று நான் கத்தினேன். எப்படிப் பிடிப்பார்? ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தண்ணீர் வடிந்து கீழே இறங்கினோம். முழங்கால் சேறு, சாக்கடை நாற்றம். ஜமுக்காளமெல்லாம் ஊறி ஊறிப் பிசின் மாதிரி ஆகிவிட்டது. நாற்காலிகளைக் காணோம். கீழ்த்தட்டு சுத்தமாகக் காலி. பரணில் இருந்த சாவுப் பாத்திரம் மட்டும் ஒரு சொட்டு ஈரம் படாமல் மேலே உட்கார்ந்திருந்தது. எது போக வேண்டுமோ அது போகவில்லை பாருங்கள்.

மார்கழியில் எங்களுக்கு வேலை கிடையாது. கல்யாணமில்லாத மாசம். தை பிறந்தால் முதல் முகூர்த்தத்துக்கு விஜயராகவன் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம். தி.நகரில் பெரிய ஜவுளிக்கடை வைத்திருப்பவர், எங்கள் ஊர்ப் பக்கம். மகள் ஷண்முகப்ரியாவுக்கு ஆவணியிலேயே சொல்லி வைத்திருந்தார். எங்கள் தொழிலில் ஒரு சாபம் உண்டு. முகூர்த்தத் தேதிக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் பாத்திரம் இல்லையென்று கையை விரித்தால், அதோடு சரி. சமையல் மாஸ்டர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிவிடுவார்கள், மண்டபத்துக்காரர்கள் போனில் பேரை அழித்துவிடுவார்கள். அந்தக் கல்யாணத்துக்கு வரப்போகிறவர்கள் எல்லாரும் எங்கள் வாடிக்கைக்காரர்கள் வேறு. அந்தக் கல்யாணம் போனால் கடை போச்சு. இது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

கே.கே. நகரில் இதே தொழில் செய்கிற அக்பர் பாஷா பாயிடம் கேட்டோம். அவர் சிரித்தார். "முத்து பாய், நம்ம தேக்சால பத்து வருஷ பிரியாணி வாசம் கீது. உங்க சாம்பார் அதுல வெந்துச்சுன்னா மாப்பிள்ள வூட்ல சண்டை வரும்" என்றார். மற்ற கடைகளில் பாதி எங்களை மாதிரியே மூழ்கிப்போனவை, மீதி தைக்கு ஏற்கெனவே பேசி முடிந்தவை.

"பரண்ல இருக்கறத இறக்குவோம். புளி போட்டு நல்லாத் தேய்ச்சா பளபளன்னு ஆயிரும்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, நான் ஏதோ தாலியைக் கழற்றி அடகு வைக்கச் சொன்னதைப் போல.

மார்கழி பிறந்து சில நாளில், தெருவில் குப்பை எடுக்க வருகிற பெண் வாசலில் நின்று சொன்னாள். "இன்னாம்மா, உங்க பேரு வெட்டின அண்டால்லாம் ஆத்தங்கரைல அடுப்பு மேல கீது. நீ இங்க குந்திக்கினு தேடிக்கினுகீற."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. இவர் கை காதுக்குப் போய்விட்டது. "வேண்டாம் ஏளா. அவங்களே எல்லாத்தையும் விட்டுட்டு நிக்காங்க. அவங்ககிட்டப் போயி எப்படிக் கேக்க?"

"நம்ம பொருள நாம கேக்கதுக்கு என்னங்க வெக்கம்? தைக்கு எத வச்சி அனுப்பப் போறீங்க, என் தலையையா?" என்று சொல்லி இழுத்துக்கொண்டு போனேன்.

ஆற்றங்கரையில் பாதி வீடு இல்லை. இருந்த வீடுகளுக்கும் கூரைக்குப் பதில் நீலத் தார்ப்பாய். அதற்கு நடுவே மூன்று அடுப்பு எரிகிறது. எங்கள் பெரிய அண்டாவில் சோறு ஆவி பறக்கிறது. இன்னொன்றில் சாம்பார். ஜனங்கள் வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யாரு வீட்டுச் சாமான்ல யாரு விருந்து வைக்கது? பேரு வெட்டியிருக்குலா, கண்ணு தெரியலையா?" என்று கத்தியே விட்டேன்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மாலை போட்ட போட்டோ. ரேஷன் கார்டிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது போல முகம் மங்கலாக இருந்தது. அதன் முன்னால் விளக்கும் படையல் இலையும். பதினாறாம் நாள் கருமாதி. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது.

ஒரு பெண் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தாள். முப்பது வயதிருக்கும். பேர் தேவானை. போட்டோவில் இருந்தவர் அவள் புருஷன் அம்மாசி. அவள் என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"கத்தாதம்மா. உன்துதான். தண்ணில வந்துச்சி. எங்க வூட்டுக்காரருதான் ஒண்ணொண்ணா இஸ்து கவுறு போட்டு மரத்துல கட்னாரு. பேரு வெட்டிகீது, எவனாவது தேடிக்கினு வருவான்னாரு. அப்பால ரேஷன் கார்ட எட்த்தாரேன்னு உள்ள போனாரு. வூடு அப்டியே உக்காந்துட்ச்சி."

அவள் அடுப்புப் பக்கம் கையைக் காட்டினாள். "இத்தினி பேருக்கு ஆக்க எங்ககிட்ட ஏனம் இல்ல. அதான் உன்துலயே ஆக்கிட்டோம். சாங்காலம் தேச்சிக் குட்த்துர்றேன்" என்று சொல்லிவிட்டு, இரண்டு இலையைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் போட்டாள். "உக்காருண்ணே. ஒரு வாய் துன்னுட்டுப் போ."

இவர் வழக்கம்போலச் சொன்னார். "இல்லம்மா. எங்க பாத்திரம் போன வீட்டுல நான் சாப்பிடுதது இல்ல."

அவர் சொன்னது அவருடைய பழைய சட்டத்தை. அவள் எடுத்துக்கொண்டது வேறு. "ஆமாண்ணே" என்றாள். "கல்யாணம் காட்சிக்குப் போற ஆளுங்க. கருமாதிச் சோறு துன்னா நல்லாருக்காதுதான்." அவளே குனிந்து இலை இரண்டையும் சுருட்டி எடுத்துக்கொண்டாள்.

அப்படியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இவர் காதைத் தடவிக்கொண்டு நின்றார். எந்த அடுக்களையிலும் நுழைந்து பேசுகிற என் வாயும் அன்றைக்குத் திறக்கவில்லை. கொஞ்சம் தள்ளிப் போய் மரத்தடியில் நின்றோம். அந்த மரத்தில் கயிறு இன்னும் கட்டியிருந்தது.

அண்டாக்கள் கடைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றிரண்டில் நசுங்கல், மற்றபடி குறையில்லை. கடை பிழைத்தது என்று நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன். இவர் அண்டாக்களை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டு, கீழ்த்தட்டில் ஏற்றவும் மாட்டேன் என்கிறார், பரணில் ஏற்றவும் மாட்டேன் என்கிறார்.

"யாருக்குத் தெரியப்போகுது?" என்றேன்.

"எனக்குத் தெரியும்லா."

"அப்ப அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க."

"எப்படிச் சொல்ல? அந்தப் பொண்ணு புருஷனுக்கு வடிச்ச சோறு தீட்டுன்னு நானே ஊருக்குச் சொல்லவா? அவன் நம்ம அண்டாவக் கட்டிவச்சிட்டுல்லா செத்திருக்கான்." அண்டாவைத் திருப்பி வைத்துக்கொண்டே, "சொல்லலன்னாலும் வெக்கக்கேடு. இத்தன வருஷமா அண்டா மேல கை வச்சிச் சொல்லியிருக்கேன், ஒரு தடவகூடப் பொய் சொன்னதில்ல" என்றார்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "தலைக்கு மேல வெள்ளம் போனப்புறம் சாண் என்ன, முழம் என்ன? கல்யாணம் நடக்கட்டும், கடை நடக்கட்டும். வெக்கத்த வச்சி அடுப்பு எரிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் புளியும் செங்கல் பொடியும் வைத்து அந்தப் பெரிய அண்டாவைத் தேய்க்க ஆரம்பித்தார். வெள்ளி மாதிரி ஆன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தார்.

தை வந்தது. சாமான் ஏற்ற குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றபோது, விஜயராகவன் அண்ணாச்சியே காரில் வந்து இறங்கினார். மகள் கல்யாணம் என்றால் மனுஷருக்கு ஒரு இடத்தில் உட்கார முடியுமா? ஷட்டரையும் சுவரில் இருந்த தண்ணீர்க் கறையையும் பார்த்து உச்சுக் கொட்டினார். "இவ்வளவு நடந்தும் சொன்ன தேதிக்கு நிக்கீரே வே, அதான் நம்ம ஊர்க்காரன்" என்றார். பிறகு, கேட்க வேண்டுமே என்று கேட்பதைப் போலச் சிரித்துக்கொண்டே கேட்டார். "நல்ல காரியப் பாத்திரம்தானே?"

இவர் அண்டாவின் மேல் கையை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். "மங்களப் பாத்திரம்தான் அண்ணாச்சி" என்றார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஒரு துளி வெட்கம்கூட இல்லை. வண்டி திரும்பிப் போனதும் இவர் கடைக்குள் போய், அண்டா இருந்த இடத்தைத் துடைப்பத்தால் பெருக்க ஆரம்பித்தார். அங்கே பெருக்க ஒன்றுமே இல்லை.

கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில். முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது நானும் அவரும் பின்வாசல் வழியாகப் போனோம். கடைசியில் சாமானைச் சரிபார்த்து ஏற்ற வேண்டும், அதற்காகப் போவோம். உள்ளே நாதஸ்வரம், பாயச வாசனை, பட்டுப்புடவைச் சரசரப்பு. பின்னால் குழாயடியில் பாத்திரம் தேய்க்கிற பெண்கள். காண்டிராக்டர் வேனில் எங்கெங்கிருந்தோ அழைத்து வருவார். அதில் ஒருத்தி நிமிர்ந்தாள். தேவானை.

இவர் அப்படியே நின்றுவிட்டார். அவள்தான் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து வந்தாள். ஆற்றங்கரையை இடித்துவிட்டு அவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே வேலை இல்லை, அதனால் கல்யாண மண்டபத்துக்கு வருகிறாளாம். இதைச் சொல்லிவிட்டு அக்கம்பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணே, நீ பயப்படாத. காலைல வந்தப்பவே பார்த்தேன், எங்க வூட்டுக்காரருக்கு ஆக்கின அண்டா அதுன்னு. வேற யாரையும் தொட வுடல. நானே மூணு தபா தேச்சிதான் மாஸ்டர்கிட்ட குட்த்தேன். தாலி கட்ற நேரத்துல நான் கேட்டாண்ட வெளிய போய் நின்னுக்கினேன். யாராண்டயும் வாயத் தொறக்க மாட்டேன். தெரிஞ்சா உனக்குத்தான பேஜாரு."

சொல்லிவிட்டு, பெரிய உதவி செய்துவிட்ட நிம்மதியோடு சிரித்தாள்.

இவர் கை காதுக்குப் போகவில்லை. இரண்டு கையும் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு, சாமி சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம்தான் வெட்கம் என்றால் என்னவென்று தெரிந்தது. இத்தனை வருஷம் அவர் காதைத் தடவும்போதெல்லாம் நான் கேலி செய்திருக்கிறேன். யாராவது அவள் தலையில் அடித்து விரட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவளே தன்னை விரட்டிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய் நின்றிருக்கிறாள், அதுவும் எங்கள் கடைக்காக. அவளிடம் என்ன பேசுவது? "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். கேட்ட பிறகு அதற்கும் கூசியது. பந்தி எல்லாம் முடிந்த பிறகுதான் சாப்பாடு என்றாள்.

அடுத்த வாரம் இவர் தி.நகருக்குக் கிளம்பினார். அண்ணாச்சியிடம் சொல்லப் போகிறேன் என்றார். நான் தடுத்தேன், அழுதேன், கடை சாவியைக்கூட ஒளித்து வைத்தேன். நாய் வாலை நிமிர்த்த முடியுமா? கடைசியில் நானும் கூடவே போனேன்.

ஜவுளிக்கடை மாடியில் உட்கார வைத்து அண்ணாச்சி காப்பி வரவழைத்தார். இவர் எல்லாவற்றையும் சொன்னார், மரத்தில் கட்டிய கயிறு வரைக்கும். அண்ணாச்சி கோபப்படவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"இத எங்கிட்ட எதுக்கு வே சொன்னீரு? உம்ம மனசுல வச்சிருந்தா உமக்கு மட்டும்தான் பாரம். இப்ப எம்மவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட எனக்கு உம்ம அண்டாதான் ஞாபகத்துக்கு வரும்."

அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அதற்குப் பிறகு அவர் வீட்டிலிருந்து ஒரு வளைகாப்புக்குக்கூட போன் வரவில்லை. அவர் யாரிடமாவது சொன்னாரோ இல்லையோ, உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? ஆடி முடிந்து ஆவணி முகூர்த்தம் வந்தபோது ஜவுளிக்கடைக்காரர்கள் யாரும் எங்கள் சந்துக்குள் வரவில்லை.

இவர் ஒரு நாள் ஆளைக் கூப்பிட்டுப் பரணைப் பிரித்தார். மேலே இருந்த பாத்திரமெல்லாம் கீழே வந்து மற்றவற்றோடு சேர்ந்துகொண்டது. இப்போது போனில் யாராவது "நல்ல காரியப் பாத்திரம்தானே?" என்று கேட்டால், "எல்லாம் ஒண்ணுதாங்க. ரெண்டுக்கும் போகும்" என்கிறார். பாதிப் பேர் அதோடு வைத்துவிடுவார்கள். நான் பக்கத்தில் நின்று பல்லைக் கடிப்பேன். கோயில் அன்னதானம், மஞ்சள் நீராட்டு, கட்சிக்காரர்கள் பொதுக்கூட்டச் சாப்பாடு என்று ஏதோ ஓடுகிறது. மூடவில்லை. ஷட்டரை மட்டும் இன்னும் மாற்ற முடியவில்லை, தினமும் இரண்டு பேராகத்தான் தூக்குகிறோம்.

அடுத்த கார்த்திகையில் தேவானை பஸ் பிடித்து வந்தாள். அம்மாசிக்கு வருஷ தெவசம். கடை வாசலுக்கு வெளியேயே நின்றுகொண்டு, "அண்ணே, அந்தப் பரண் மேல வெச்சிருப்பியே, அதுலேந்து ஒண்ணு குடேன்" என்றாள். பரண் விஷயம் அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். மண்டபத்தில் சமையல் ஆட்கள் எங்கள் கடைப் பெருமையாகச் சொன்னார்களாம்.

"பரணு இல்லம்மா. பிரிச்சாச்சு" என்று இவர் பெரிய அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"ஐயோ, இது கல்யாண அண்டா. வேணாண்ணே. பழசு எதுனா குடு."

இவர் அவளோடு வாதாடவில்லை. வாதாட அவருக்கு எங்கே தெரியும்? அண்டாவை ஒரு குட்டியானையில் ஏற்றினார். அவளை முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். என்னையும் ஏறச் சொல்லி, தானும் பின்னால் அண்டாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பெரும்பாக்கத்தில் அடுக்கடுக்கான வீடு. கீழே நடைபாதையோரம் அடுப்பு மூட்டிச் சோறு வடித்தார்கள். அதே மங்கல் போட்டோ, புது மாலை. இலை போடுகிற நேரம் வந்தது. தேவானை எங்களைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. நாங்கள் சாப்பிட மாட்டோம் என்று போன வருஷமே அவளுக்குத் தெரிந்துவிட்டதே. எங்களுக்கு இரண்டு நாற்காலி கொண்டுவந்து ஓரமாகப் போட்டாள்.

இவர் நாற்காலியைத் தாண்டிப் போய், பந்தியில் கடைசி ஆளுக்குப் பக்கத்தில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பாத்திரம் போன வீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தேவானை ஒரு நிமிஷம் வாளியோடு நின்றாள். பிறகு இலை போட்டாள், சோறு வைத்தாள்.

சாம்பார் ஊற்ற வந்தபோது மெல்லக் கேட்டாள். "இந்த அண்டாவ மறுபடியும் கல்யாணத்துக்கு அனுப்புவியாண்ணே?"

"அனுப்புவேன்."

"கேட்டா இன்னா சொல்வ?"

"உள்ளதச் சொல்லுவேன்மா."

அவள் அக்கம்பக்கம் பார்த்தாள். மண்டபத்தில் பார்த்த அதே மாதிரி. குனிந்து, அவர் காதுக்குப் பக்கத்தில் சொன்னாள். "வேணாண்ணே. சொல்லாத. உன் பொழப்பு கெட்டுப்பூடும்."

இவர் இலையைப் பார்த்தார். பிறகு சோற்றுக் கையோடு வலது காதைத் தடவினார். சோணையில் ஒரு பருக்கை ஒட்டிக்கொண்டது. அதைத் துடைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.